வேதியியலா, வேதமா?

வேதியியல் என்னும் சொல்லைக் கேட்டதும் வேதியரை நினைப்போர் உண்டு. வேதத்தோடு அதற்கு உறவு கற்பிக்க முனைவோரும் உண்டு. இரண்டும் பிழை. வேதித்தல் என்றால் ஒன்றை வேறொன்றாக மாற்றுதல். செம்பைப் பொன்னாக்கலாம் என்று உலையூதிக் களைத்தவர்கள் கையாண்ட சொல் அது. அவர்களுக்குப் பொன் கிடைக்கவில்லை. நமக்குச் சொல் கிடைத்தது. பொருள்கள் எவ்வாறு மாறுகின்றன என்று ஆராயும் துறைக்கு அச்சொல்லிலிருந்தே பெயர் சூட்டினர் நம் கலைச்சொல் அறிஞர். பெயர் பொருத்தமானது. அந்தப் பெயருக்கு ஏற்பப் பாடம் நடக்கிறதா என்பதே நாம் எழுப்பும் கேள்வி.

வேதம் ஓதுவதற்கு என்ன இலக்கணம்? யார் கண்டார், எப்படிக் கண்டார், சான்று எங்கே என்று கேட்கலாகாது. ஒலி பிறழாமல் ஒப்புவிக்க வேண்டும். பொருள் விளங்காவிடினும் பலன் உண்டு என்று நம்ப வேண்டும். பல்கலைக்கழகத்தின் வாயிலை நோக்கி நடக்கும் நம் பிள்ளைகள் 11-ஆம் வகுப்பில் வேதியியலைக் கற்கும் முறையை இந்த மூன்றோடும் ஒப்பிட்டுப் பாருங்கள். நீரின் வாய்பாடு இது, எழுது என்கிறோம். எப்படித் தெரியும் என்று எந்த மாணவனும் கேட்பதில்லை; கேட்க நாம் பழக்கவில்லை. வாய்பாடு பிறழாமல் எழுதினால் மதிப்பெண். மதிப்பெண்ணே பலன். வேதத்தை விரட்ட வந்த அறிவியலை நாமே வேதமாக்கி வைத்திருக்கிறோம்!

இது ஏதோ ஒரு பாடத்தைப் பற்றிய சிறு குறை என்று ஒதுக்குவதற்கில்லை. பொறியியல் கல்லூரியில் இடம் பெறத் தமிழ்நாட்டில் கணக்கிடப்படும் 200 மதிப்பெண்ணில் 50 வேதியியலுடையது. 2017 முதல் தமிழ்நாட்டு மாணவர் மீதும் சுமத்தப்பட்ட நீட் தேர்வின் 720 மதிப்பெண்ணில் 180 வேதியியலுடையது. குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரிப் படி ஏற விழையும் ஒரு பெண், தந்தை கொத்தனாராகவும் தாய் களையெடுப்பவராகவும் உள்ள ஒரு வீட்டிலிருந்து வருபவள், இந்த ஒரு பாடத்தில் இடறினால் அவளுக்கு அடைபடும் கதவுகள் எத்தனை என்று எண்ணிப் பாருங்கள். வேதியியலை எப்படித் தொடங்கி வைக்கிறோம் என்பது சமுதாய நீதியைப் பற்றிய கேள்வி. அதனால்தான் இந்த ஏட்டில் இதைத் திறனாய எடுத்துக்கொண்டோம்.

2018-இல் தமிழ்நாட்டுப் பாடத்திட்டம் புதுக்கப்பட்டபோது வெளிவந்த 11-ஆம் வகுப்பு வேதியியல் நூலை எடுத்துக்கொள்வோம். அதன் நன்மையை முதலில் கூறுவது முறை. வண்ணப் படங்களோடு, பிற மாநிலத்தார் நூல்களுக்குச் சற்றும் இளைக்காத பொருட்செறிவோடு, தமிழில் அந்நூல் கிடைக்கிறது. தமிழில் உயர் அறிவியல் இயலாது என்று ஒரு காலத்தில் ஏளனம் பேசியோருக்கு அது ஒரு விடை. ஆயினும் அதன் அமைப்பைக் காணுங்கள். முதல் அலகிலேயே அணுநிறை, மோல், அவகாட்ரோ எண், சமான நிறை, எளிய விகித வாய்பாடு, வேதிக் கணக்கீடு, ஆக்சிஜனேற்ற எண் ஆகிய அனைத்தும் அடுக்கப்பட்டுள்ளன. இரண்டாம் அலகில் டி பிராக்லியும் ஐசன்பர்க்கும் சுரோடிங்கரும் வந்து நிற்கிறார்கள். அணு என ஒன்று உண்டென்று மனிதன் எதைக் கொண்டு முடிவு கட்டினான் என்ற கேள்வி மாணவன் உள்ளத்தில் முளைவிடும் முன்பே, அந்த அணுவுக்குள் எலக்ட்ரான் எங்கே இருக்கக்கூடும் என்னும் சமன்பாடு அவன் முன் வைக்கப்படுகிறது. அடித்தளம் இடாமல் கோபுரம் எழுப்புகிறோம். கோபுரம் அழகாகவே இருக்கிறது. ஏறி நிற்கத்தான் முடியவில்லை.

நீரையே எடுத்துக்கொள்வோம். நீரில் ஹைட்ரஜன் அணு 2, ஆக்சிஜன் அணு 1 என்று ஏழாம் வகுப்புப் பிள்ளையும் சொல்லும். அதை எப்படி அறிந்தார்கள்? அணுவை எவரும் எண்ணிப் பார்க்கவில்லை. தராசு கூறுவது இவ்வளவே: நீரில் ஹைட்ரஜன் 1 பங்கு எடை என்றால் ஆக்சிஜன் 8 பங்கு எடை. இந்த ஒன்றைக் கொண்டு வாய்பாட்டை எழுத முடியுமா? முடியாது. நீரில் இரண்டிலும் ஒவ்வோர் அணு என்று கொண்டால் ஆக்சிஜன் அணுவின் எடை 8. ஹைட்ரஜன் இரண்டு என்று கொண்டால் அதன் எடை 16. தராசு இரண்டுக்கும் தலையசைக்கிறது. 1808-இல் அணுக்கொள்கையை நூலாக வெளியிட்ட ஜான் டால்டன், எளிமையானதே உண்மை என்று கருதி ஒன்றுக்கு ஒன்று என்றார். பேரறிஞர்தாம், ஆனால் அவர் கருதியது தவறு.

அந்த ஆண்டின் இறுதியில் பிரான்சு நாட்டுக் கே லூசாக் வளிகளின் பருமனை அளந்து சொன்னார். 2 பங்கு பருமனுள்ள ஹைட்ரஜன், 1 பங்கு ஆக்சிஜனோடு கூடினால் 2 பங்கு நீராவி கிடைக்கிறது. 1811-இல் இத்தாலிய நாட்டு அவகாட்ரோ இதிலிருந்து ஒரு முடிவைக் கண்டார். ஒரே வெப்பத்திலும் அழுத்தத்திலும் சம பருமனுள்ள வளிகளில் துகள்களின் எண்ணிக்கை சமம் என்றால், ஒவ்வோர் ஆக்சிஜன் துகளும் இரண்டு நீராவித் துகள்களுக்குப் பகிர்ந்தளிக்கப்பட வேண்டும். ஆகவே ஆக்சிஜன் துகள் ஒற்றை அணுவாக இருக்க இயலாது. இரண்டு அணுக்கள் இணைந்த மூலக்கூறாக இருக்க வேண்டும். எவ்வளவு எளிய வாதம்! எழுதுகோலும் தாளும் போதும். பத்து மணித்துளியில் ஒரு மாணவன் தானே கண்டுகொள்ளலாம். ஆனால் அறிஞர் உலகம் அதை ஏற்க ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகள் ஆயின. இடைக்காலத்தில் குழப்பம் தலைவிரித்தாடியது. காடியின் புளிப்புக்குக் காரணமான அசெட்டிக் அமிலத்துக்கு அன்று வழங்கிய வாய்பாடுகள் 19 என்று 1861-இல் வெளிவந்த தம் பாடநூலில் பட்டியலிட்டுக் காட்டினார் கெக்குலே.

இந்தக் குழப்பத்தைத் தீர்த்தது எது? இங்கேதான் நம் ஆசிரியர்களும் நூலாசிரியர்களும் கூர்ந்து நோக்க வேண்டிய செய்தி இருக்கிறது. ஜெனோவா நகரில் வேதியியல் கற்பித்த கனிட்சாரோ, தம் மாணவருக்கு நடத்திய பாடங்களின் சுருக்கத்தை 1858-இல் வெளியிட்டார். அவகாட்ரோவின் கருத்தைக் கையில் எடுத்து, அணு எடைகளைப் படிப்படியாக எவ்வாறு கண்டறியலாம் என்று அதில் விளக்கினார். 1860-இல் கார்ல்சுரூ நகரில் கூடிய வேதியியலார் மாநாட்டில் அச்சிறு நூலின் படிகள் வழங்கப்பட்டன. படித்தவர்கள் தெளிந்தனர். உலகத்தின் வாய்பாடுகள் ஒழுங்குபெற்றது ஓர் ஆசிரியரின் பாடக்குறிப்பால்!

அம்மாநாட்டுக்கு வந்திருந்த இளைஞர்களுள் ஒருவர் மெண்டலீவ். பிற்காலத்தில் பீட்டர்சுபர்க் பல்கலைக்கழகத்தில் ஆசிரியரானபோது, தொடக்க மாணவருக்குக் கொடுக்கத் தக்க நூல் ரஷ்ய மொழியில் இல்லையே என்று வருந்தி, தாமே எழுதத் தொடங்கினார். முதற்பகுதி முடிந்தது. எஞ்சிய தனிமங்களை எந்த வரிசையில் வைத்தால் மாணவனுக்கு விளங்கும் என்று சிந்தித்தபோது, 1869-இல் தனிம அட்டவணை உருவாயிற்று. வெறும் வரிசையாக இருந்திருந்தால் அதற்குப் பெருமை இல்லை. கண்டுபிடிக்கப்படாத தனிமங்களுக்கு அவர் இடம் விட்டு வைத்தார். அவற்றின் இயல்புகளையும் முன்கூட்டியே எழுதினார். காலியம் 1875-லும், ஸ்காண்டியம் 1879-லும், ஜெர்மானியம் 1886-லும் வந்து அந்த இடங்களில் அமர்ந்தன. சோதிடர் சொன்னால் பொய்த்துப்போகும் முன்னறிவிப்பு, காரணம் கண்டவர் சொன்னபோது மெய்யாயிற்று. அந்த மாபெரும் கண்டுபிடிப்பு, தாய்மொழியில் தொடக்கநூல் எழுத முனைந்ததன் விளைவு என்பதை நாம் மறக்கலாகாது.

அவருக்கு முன்பே லவாசியே வழிகாட்டியிருந்தார். 1789-இல் அவர் வெளியிட்ட நூலின் பெயரே தொடக்கநிலை வேதியியல் நூல் என்பதுதான். பாதரசத்தை 12 நாட்கள் சூடேற்றி, காற்றில் எவ்வளவு குறைந்தது, செந்நிறப் பொடியாக எவ்வளவு படிந்தது, அப்பொடியை மேலும் சூடேற்றினால் எந்த வளி எவ்வளவு மீண்டது என்று அளந்து அளந்து எழுதினார். எரிதலின் உயிர்ப்பொருளாக அதுவரை நம்பப்பட்டு வந்த பிளாஜிஸ்டான் என்னும் கற்பனை, அவரது தராசுத் தட்டின் முன் நிற்க முடியாமல் ஓடிற்று. அரசுக்கு வரி தண்டும் குத்தகையில் பங்கு கொண்டிருந்த அவர், 1794-இல் கொலைக் கருவிக்குத் தலைகொடுத்தார். அவர் கற்பித்த முறை இறக்கவில்லை.

ஆக, தொடக்கநூல் என்பது அறிஞர்கள் எழுதி முடித்த பின்னர் எஞ்சியதைச் சுருக்கித் தருவது அன்று. துறையின் மிக உயர்ந்த சிந்தனை அங்கே தேவைப்படுகிறது. காரணத்தை எடுத்துவிட்டு முடிவை மட்டும் அடுக்கும் நூல், எத்தனை வண்ணப் படங்களோடு வந்தாலும், தொடக்கநூல் என்னும் பெயருக்கு உரியதாகாது.

தமிழில் இதற்கு முன்னோடிகள் இல்லையா? உண்டு. அமெரிக்க மருத்துவர் சாமுவேல் பிஸ்க் கிறீன் 1847-இல் யாழ்ப்பாணம் வந்து, மானிப்பாயில் மருத்துவம் கற்பித்தார். தமிழ் மாணவருக்குத் தமிழிலேயே கற்பிப்பது என்று துணிந்து, உடற்கூறு, அறுவை மருத்துவம் முதலிய நூல்களைத் தமிழாக்கினார். வெல்ஸ் என்பாரின் வேதியியல் நூல் 'கெமிஸ்தம்' என்னும் பெயரில் 1875-இல் தமிழில் வந்தது. மெண்டலீவ் விட்டு வைத்த முதல் இடத்தைக் காலியம் நிரப்பிய அதே ஆண்டு அது! கடல் கடந்து வந்தவருக்குத் தமிழில் இருந்த நம்பிக்கை, தமிழைத் தாய்மொழியாகக் கொண்ட நம்மவர் பலருக்கு நூறாண்டு கழித்தும் வரவில்லை என்பது வெட்கத்துக்குரியது.

மற்றொருவரையும் குறிப்பிட வேண்டும். 1916-இல் சேலத்தில் தமிழ் அறிவியற் சொற்களுக்கென ஒரு சங்கம் அமைத்தவர்களுள் இராசகோபாலாச்சாரியாரும் ஒருவர். 'திண்ணை ரசாயனம்' என்று ஒரு நூலும் எழுதினார். திண்ணையில் அமர்ந்து பேசும் தமிழில் வேதியியலைச் சொல்லலாம் என்று காட்டிய அம்முயற்சியை, கருத்தில் அவரோடு மாறுபட்ட நாம் மறைக்க மாட்டோம். ஆனால் ஒன்றைக் கேட்காமலும் இருக்க மாட்டோம். அந்தத் திண்ணை யாருடையது? எந்தத் திண்ணையில் யார் அமரலாம், யார் தெருவிலேயே நிற்க வேண்டும் என்று வகுத்திருந்த ஊர்களல்லவா நம் ஊர்கள்? திண்ணையில் ரசாயனம் கூறிய அதே ஆச்சாரியார், முதலமைச்சராக 1953-இல் கொண்டுவந்த திட்டம் என்ன? ஒரு வேளை பள்ளி, மறு வேளை தகப்பன் தொழில்! தமிழகம் கொதித்தெழுந்தது, 1954-இல் அவர் பதவி விலகினார், காமராசர் அத்திட்டத்தைக் கைவிட்டார். எளிய தமிழ் மட்டும் போதாது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா? யாருக்காக எழுதுகிறோம், அவனை எங்கே கொண்டு நிறுத்த விரும்புகிறோம் என்பதும் தெளிவாக வேண்டும்.

மொழியைப் பற்றி இன்னொன்று. கலைச்சொல்லைத் தமிழாக்கினால் கருத்து தானே விளங்கிவிடும் என்று எண்ணுவோர் இருக்கின்றனர். ஆக்சிஜனேற்றம் என்னும் சொல்லைப் பாருங்கள். சோடியம் குளோரினில் எரிந்து உப்பாகிறது. அங்கே ஆக்சிஜன் ஒரு துளியும் இல்லை. ஆயினும் சோடியம் ஆக்சிஜனேற்றம் அடைந்தது என்று நூல் கூறுகிறது. மாணவன் திகைக்கிறான், திகைப்பை விழுங்கிவிட்டு மனப்பாடம் செய்கிறான். நடந்தது என்ன? முதலில் ஆக்சிஜனோடு கூடுவதையே அச்சொல் குறித்தது. பிறகு, ஆக்சிஜனோடு கூடும் உலோகம் எலக்ட்ரானை இழக்கிறது என்பதும், குளோரினோடு கூடும்போதும் அதே இழப்பு நிகழ்கிறது என்பதும் புலப்பட்டன. பொருள் விரிந்தது, பெயர் பழையதாகவே நின்றது. கனிமத்திலிருந்து ஆக்சிஜனை நீக்கி உலோகம் எடுத்தால் எடை ஒடுங்கும்; ஆகவே ஒடுக்கம். இன்று எலக்ட்ரானைப் பெறுவதற்கு அப்பெயர். பெறுவது எப்படி ஒடுக்கமாகும் என்று குழம்பும் பிள்ளைக்கு இந்த வரலாற்றை நான்கே வரிகளில் சொன்னால் போதும். அதன் பிறகு வாழ்நாளில் மறக்காது. அந்த நான்கு வரிகளை மிச்சப்படுத்தி நாம் கண்ட இலாபம் என்ன?

காரணம் கூறாத இடத்தில் மந்திரம் முளைக்கும். தனிமங்களின் முதலெழுத்துக்களைக் கோத்து வேடிக்கைச் சொற்றொடர் செய்து, அதை ஓதி ஓதி வரிசையை நினைவிற் கொள்ளும் வழக்கம் பயிற்சி நிலையங்கள் பலவற்றில் கொடிகட்டிப் பறக்கிறது. நினைவாற்றலை நாம் பழிக்கவில்லை. பெருக்கல் வாய்பாடு நினைவில் இல்லாதவன் கணக்குப் போட முடியாது. தனிமக் குறியீடு நினைவில் இல்லாதவன் சமன்பாடு எழுத முடியாது. ஆனால் ஒரு தொகுதியில் மேலிருந்து கீழே செல்லச் செல்ல அணு பெரிதாகிறது, வெளிப்புற எலக்ட்ரான் உட்கருவின் பிடியிலிருந்து தளர்கிறது, ஆகவே சோடியத்தைவிடப் பொட்டாசியம் வேகமாக வினைபுரிகிறது என்ற ஒரு காரணத்தை அறிந்தவனுக்குப் பத்து உண்மைகளை ஓத வேண்டிய தேவையில்லை. காரணம் அறியாதவன் பத்தையும் ஓதுவான். பதினொன்றாவது கேள்வியில் வீழ்வான்.

தேர்வு நெருங்குகிறது, இதற்கெல்லாம் நேரம் ஏது என்று கேட்பார்கள். நாம் திருப்பிக் கேட்கிறோம்: விளங்காததை மீண்டும் மீண்டும் ஓதுவதற்கு நேரம் எங்கிருந்து வந்தது? மேலும், ஓதும் போட்டியில் வெல்பவன் யார்? ஆண்டுக்கு ஆண்டு பணம் கட்டி, வினாத்தாள் மேல் வினாத்தாளாகப் பழகுகிறவன். அந்தச் சந்தையில் கொத்தனார் மகளுக்கு விலை கொடுத்து வாங்க வழியில்லை. காரணம் கண்டு கற்பது ஒன்றே அவள் கைக்கு எட்டும் முதல். அதை அரசுப் பள்ளியில் கட்டணமின்றிக் கொடுக்கலாம். அதையும் கொடுக்காமல் அவளைப் போட்டிக்கு அனுப்புவது, வாளை ஒருவனுக்குக் கொடுத்துவிட்டு மற்றவனிடம் வாளின் பெயரை மட்டும் சொல்லி அனுப்புவதாகும்.

அந்தப் பெண்ணுக்கு வேதியியல் புதிதா? அவள் தந்தையின் கையில் பூசிக் கிடப்பதே வேதியியல்தானே! சுண்ணாம்புக் காளவாயை நினைத்துப் பாருங்கள். 100 கிராம் சுண்ணாம்புக்கல்லைச் சுட்டால் 56 கிராம் சுட்ட சுண்ணாம்பு எஞ்சுகிறது. 44 கிராம் கண்ணுக்குத் தெரியாமல் கார்பன் டை ஆக்சைடாக வெளியேறுகிறது. அந்த 56 கிராமில் 18 கிராம் நீர் சேர்த்தால் கொதித்துக் குமுறி 74 கிராம் நீற்றிய சுண்ணாம்பாகிறது. அதைச் சுவரில் பூசினால், காற்றிலிருந்து அதே 44 கிராமை மெல்ல மெல்ல ஈர்த்து, 18 கிராம் நீரை வெளியே விட்டு, மீண்டும் 100 கிராம் சுண்ணாம்புக்கல்லாக இறுகுகிறது. கல்லாய்ச் சென்றது கல்லாய் மீண்டது. இடையில் ஒரு கிராமும் தொலையவில்லை! பொருண்மை அழிவின்மை, மோல், சமன்பாடு மூன்றும் ஒரு வெள்ளைச் சுவரில் எழுதப்பட்டிருக்கின்றன. ஒரு மோல் என்பது இந்த 18 கிராம் நீரில் உள்ள மூலக்கூறுகளின் எண்ணிக்கை, 6.022-ஐ 10-இன் 23-ஆம் அடுக்கால் பெருக்கிக் கிடைப்பது. அவ்வெண் அவகாட்ரோ பெயரால் வழங்கினாலும், 1856-இல் மறைந்த அவர் அதை அறியமாட்டார். எண்ணை ஓதும் முன் சுவரைக் காட்டியிருந்தால் அவள் மோலைக் கண்டு மிரண்டிருப்பாளா?

ஏன் காட்டவில்லை? இதற்கு விடை வேதியியலில் இல்லை; நம் சமுதாய அமைப்பில் இருக்கிறது. சுண்ணாம்பு சுட்டவர், உவர்மண்ணால் அழுக்கு நீக்கியவர், ஆவாரம்பட்டையால் தோல் பதனிட்டவர், சாயம் காய்ச்சியவர் ஆகியோர் கையில் பொருள் இருந்தது, ஏடு மறுக்கப்பட்டது. ஏடு வைத்திருந்தோர் பொருளைத் தொடுவதே இழிவு என்றனர். கையும் கருத்தும் பிரிந்த நாட்டில் வேதியியல் வளருமா? இது நம் கட்சிக்காக நாம் புனைந்த குற்றச்சாட்டு அன்று. இந்திய வேதியியலின் வரலாற்றை இரு தொகுதிகளாக எழுதிய வங்கத்து வேதியியல் அறிஞர் பிரபுல்ல சந்திர ராய் கண்ட முடிவும் இதுவே. கைத்தொழில் தாழ்ந்த சாதிகளிடம் ஒதுக்கப்பட்டு, அறிவாளர் அதிலிருந்து விலகியபோதே ஆராயும் உணர்வு இந்த நாட்டில் மங்கியது என்று அவர் எழுதினார். சாதி ஒழிய வேண்டும் என்பதற்கு வேதியியல் தரும் சாட்சியம் இது.

குலத்தொழிலைக் கற்க அனுப்பாதே என்று போராடிய நாம், அத்தொழிலில் பொதிந்துள்ள அறிவைப் பள்ளிக்குக் கொண்டுவா என்று கூறுவதில் முரண் இல்லை. தகப்பன் தொழிலுக்குள் பிள்ளையை அடைப்பது வேறு. தகப்பன் கைப்பட்ட பொருளிலிருந்து பிள்ளையைப் பல்கலைக்கழகத்துக்கு ஏற்றிச் செல்வது வேறு. முன்னது சிறை, பின்னது ஏணி.

ஆகவே அடுத்து எழுதப்படும் தொடக்கநூலிடம் நாம் கேட்பவை சில. ஒவ்வோர் அலகின் தலைப்பிலும் ‘எப்படித் தெரியும்?’ என்ற கேள்வி நிற்கட்டும். ஒவ்வொரு கலைச்சொல்லும் தன் வரலாற்றோடு வரட்டும். தராசும் எரிவிளக்கும் செய்முறைத் தேர்வு நாளில் மட்டும் தூசி தட்டப்படாமல், முதல் நாளிலேயே மாணவர் கைக்கு வரட்டும். டால்டன் தவறியதையும் மறைக்காமல் எழுதுங்கள். பேரறிஞரும் தவறலாம், சான்று திருத்தும் என்று அறிந்த பிள்ளை எந்தப் பீடத்தின் முன்னும் மண்டியிடாது. சமன்பாட்டின் ஆழத்துக்கு அதன் பின் அழைத்துச் செல்லுங்கள், மறுக்கவில்லை.

நூல் வரும்வரை காத்திருக்க வேண்டியதுமில்லை. நாளை காலை வகுப்பில் ஒரு மாணவி எழுந்து, நீரில் ஹைட்ரஜன் இரண்டு என்று எப்படி அறிந்தார்கள் ஐயா என்று கேட்கட்டும். பாடத்தை நிறுத்திவிட்டு ஆசிரியர் விடை கூறட்டும். வேதியியல் வகுப்பு அன்றுதான் அங்கே தொடங்கும்.